சத்து டப்பாவின் மறுபக்கம்

சகோதரிகளே, 'சத்து' என்ற வார்த்தைக்கு நம் வீடுகளில் தனி மரியாதைதான். மருந்து என்றால், "எத்தனை வேளை? சாப்பாட்டுக்கு முன்னாலா, பின்னாலா?" என்று நாலு தடவை கேட்டுக்கொள்வோம். சத்து மாத்திரை, சத்து பவுடர், டானிக் என்றால் ஒரு கேள்வியும் கிடையாது. "சத்துதானே, ஒண்ணும் பண்ணாது" என்று வாங்கி வந்துவிடுவோம்.

ஒன்றும் பண்ணாதா? 2023 மார்ச் மாதம் ஊட்டியில் நடந்ததைக் கேளுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு ரத்தசோகை வராமலிருக்க, வாரம் ஒன்று என்று அரசாங்கம் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறது. நல்ல திட்டம். அந்த மாத்திரையை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர், யார் அதிகம் சாப்பிடுவது என்று போட்டி போட்டு விழுங்கிவிட்டார்கள். அவர்களில் 13 வயதுச் சிறுமி ஒருத்தி கல்லீரல் பாதித்து இறந்தே போனாள். வாரம் ஒன்று சாப்பிட்டால் ரத்தம் ஊறும். அளவு மீறினால் உயிருக்கே உலை. மாத்திரை கொடுக்கும்போது கூடவே கொடுக்க வேண்டியது இந்த விவரம்.

விவரம் நமக்கு எங்கிருந்து கிடைக்கிறது? ராயபுரமோ, திருவொற்றியூரோ, எண்ணூரோ, நம் பக்கத்தில் வீட்டுக்காரர் கடலுக்கோ ஷிப்டுக்கோ போய்விடுகிறார். பிள்ளைக்கு என்ன கொடுப்பது என்று முடிவு பண்ணுவது நாம்தான். நமக்கு யோசனை சொல்வது டி.வி. விளம்பரம், செல்போன் வீடியோ, அப்புறம் கடைக்காரத் தம்பி. "இதைக் குடுத்துப் பாருங்கக்கா, பையன் ஜம்முனு ஆயிடுவான்" என்பார். அவர் மேல் தப்பில்லை. விற்பது அவர் தொழில்.

எங்கள் தெருவில் மாசமாக இருக்கும் பெண் ஒருத்தி சுகாதார நிலையத்து இரும்பு மாத்திரை, கடையில் வாங்கிய மல்டிவைட்டமின், அம்மா வீட்டில் வாங்கித் தந்த புரோட்டீன் பவுடர் மூன்றையும் பரப்பி வைத்துக்கொண்டு, "இன்னாக்கா, மூணுலயும் இரும்பு இருக்குமா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி! ஆனால் டப்பாவைத் திருப்பினால் எல்லாம் பொடி எழுத்து, அதுவும் இங்கிலீஷ். உணவு லேபிள் சட்டப்படி விவரங்கள் இங்கிலீஷிலோ இந்தியிலோ இருந்தால் போதும். தமிழிலும் அச்சிடத் தடையில்லை, ஆனால் கட்டாயமுமில்லை.

முன்பக்கத்து வார்த்தைகளையாவது நம்பலாமா? 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவில் வைத்து விற்க வேண்டாம் என்று ஆன்லைன் கடைகளுக்குச் சொன்னது. 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாதாம்! இத்தனை வருஷம் அந்தப் பெயரை நம்பித்தானே பாலில் கலக்கிக் கொடுத்தோம்? அதே 2024-இல் வெளியான ஓர் ஆய்வில், கேரளத்து மருத்துவர்கள் நம் நாட்டில் விற்கும் 36 புரோட்டீன் பவுடர்களைச் சோதித்தார்கள். சுமார் 70 சதவீதத்தில் லேபிளில் போட்ட புரோட்டீன் அளவு ஒன்று, உள்ளே இருந்தது வேறொன்று. சிலவற்றில் பூஞ்சை நஞ்சும் இருந்தது. தசை வளர்க்க புரோட்டீன் பவுடர் வேண்டாமென்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் அந்த வருஷமே சொல்லிவிட்டது.

ஆகவே இந்த ஐந்தை அவசியம் நினைவில் வையுங்கள்:

1. டப்பாவில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. முத்திரையும் 14 இலக்க லைசென்ஸ் எண்ணும் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் தொடாதீர்கள். இருந்தால் லைசென்ஸ் வாங்கிய கம்பெனி என்றுதான் அர்த்தம்; வியாதி தீரும் என்று அர்த்தமில்லை.

2. 'ஹெல்த் சப்ளிமென்ட்', 'நாட் ஃபார் மெடிசினல் யூஸ்' என்று போட்டிருந்தால் அது மருந்தல்ல. அதை நம்பி சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

3. ஒரே சத்து இரண்டு டப்பாவில் இருந்தால் இரண்டையும் கூட்டித்தான் கணக்கு. வைட்டமின் ஏ, டி இரண்டும் உடம்பிலேயே தங்கிச் சேரும். கர்ப்ப காலத்தில் வைட்டமின் ஏ மாத்திரை அதிகமானால் வயிற்றுக் குழந்தைக்குக் கெடுதல்.

4. இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் சேர்த்து விழுங்கினால் இரும்பு சரியாகச் சேராது. இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். டீ, காப்பியோடும் இரும்பு மாத்திரை வேண்டாம். எலுமிச்சம்பழச் சாறு நல்லது.

5. மாத்திரைகளைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். குழந்தை விழுங்கிவிட்டால் 108-ஐக் கூப்பிட்டு, டப்பாவையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இரும்பு விஷயத்தில் வாந்தி நின்று குழந்தை தெளிந்தது போலத் தெரியும். கல்லீரல் பாதிப்பு அதற்குப் பிறகும் வரலாம். "சரியாப் போச்சு" என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

இதைப் படித்துவிட்டு, சுகாதார நிலையத்தில் கொடுக்கிற இரும்பு மாத்திரையை யாரும் நிறுத்திவிட வேண்டாம்! கர்ப்பிணிகளுக்கு அது அவசியம். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், அது இரும்பினால்தான். நான் சொல்வதெல்லாம் கேட்காமல், அளவு தெரியாமல் மேலே மேலே சேர்க்காதீர்கள் என்பதுதான். சந்தேகமா? நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மாவைக் கேளுங்கள். பிரசவத்துக்கு ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் டப்பாவையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். 104-க்கு போன் பண்ணியும் கேட்கலாம். எதற்கும் காசில்லை.

டப்பாவுக்குக் கொடுக்கிற பணத்தில் நம் காசிமேட்டிலேயே சத்து வாங்கலாம். நெத்திலியை முள்ளோடு சாப்பிட்டால் கால்சியம். மீன் எண்ணெய் மாத்திரையில் இருக்கிற ஒமேகா கொழுப்பு மத்தி மீனிலேயே இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். கூழ் ஆடி மாசத்துக்கு மட்டுமா?

கடைசியாக ஒரு கோரிக்கை. அமெரிக்காவில் 1995-லேயே சத்து மாத்திரைகளுக்கென்று அரசாங்கம் தனி அலுவலகம் வைத்தது. எந்தச் சத்து, யாருக்கு, எவ்வளவு, மிஞ்சினால் என்ன ஆகும் என்று சாதாரண ஜனங்களுக்குப் புரியும் பாஷையில் அது இலவசமாகச் சொல்கிறது. அப்படி ஒரு பக்கத் தாள், தமிழில், பெரிய எழுத்தில், நம் ஒவ்வொரு சுகாதார நிலையத்திலும் மருந்துக் கடையிலும் தொங்க வேண்டாமா? டப்பாவிலும் நாலு வரி தமிழ் கட்டாயமாக வேண்டாமா? மகளிர் குழுக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். உங்கள் வார்டு கவுன்சிலரிடம் மனுவாக எழுதிக் கொடுங்கள். பத்துப் பேர் கையெழுத்து போட்டுக் கொடுத்தால் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்?