கெட்டியா இருக்கா, அண்ணாச்சி?

உங்கள் வீட்டு வாசலில் பத்துப் பதினைந்து வயசான மோட்டார் சைக்கிள் நிற்கிறதா? முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக் இருக்கிறதா? அப்படியென்றால் பத்திரிகையைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு நடை வாசலுக்குப் போய் வாருங்கள். வலது கைப்பிடியில் இருக்கிற பிரேக் லிவரை அழுத்திப் பிடியுங்கள். ஒரு நிமிஷம், விடாமல். நின்ற இடத்திலேயே நிற்கிறதா? இல்லை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பஸ்ஸில் தூங்கி விழுகிறவர் தலை மாதிரி மெல்ல மெல்லக் கைப்பிடியை நோக்கி இறங்குகிறதா?

இறங்கினால் வண்டிச் சாவியை அலமாரிக்குள் வைத்துவிட்டு வந்து மேலே படியுங்கள்.

இந்தப் பரீட்சையை நான் கற்றுக்கொண்டது மேலகரத்தில். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே இருக்கிற ஊர். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் சொந்த ஊர். அங்கே அக்கா வீடு. சாரல் சீசனில் போயிருந்தேன். அத்தானின் 2004 மாடல் 150 சிசி வண்டியை எடுத்துக்கொண்டு ஐந்தருவிக்குக் கிளம்பினேன். சாலை நனைந்து மினுமினு என்று கிடந்தது. முன்னால் போன வேன் சட்டென்று நின்றது. பிரேக் பிடித்தேன். லிவர் கைப்பிடியில் போய் மோதியது. வண்டி போய்க்கொண்டே இருந்தது! பின் பிரேக்கை மிதித்து, சறுக்கி, செருப்பைத் தேய்த்து, வேனின் பம்பருக்கு ஒரு சாண் முன்னால் நின்றேன்.

வீட்டுக்கு வந்து சொன்னால் அத்தான் சிரிக்கிறார். “அது அப்படித்தான் மாப்ளே. ரெண்டு தடவ பம்ப் பண்ணிப் பிடிச்சா கப்புனு நின்னுரும்.”

எத்தனை நாளாக? “ஒரு வருஷம் இருக்கும்.”

நமக்கு வண்டி என்றால் மைலேஜ். லிட்டருக்கு ரெண்டு கிலோமீட்டர் குறைந்தால் மெக்கானிக்கைத் தூங்கவிட மாட்டோம். பிரேக் போனால் ‘பம்ப்’ பண்ணிக்கொண்டு ஒரு வருஷம் ஓட்டுவோம். இது நம் பரம்பரைக் குணம். 1983ல் யமஹா ஆர்டி 350 இங்கே ராஜ்தூத் பெயரில் வந்தபோது, ஜப்பானில் அதற்கு இருந்த முன் டிஸ்க் பிரேக்கை எடுத்துவிட்டு டிரம் போட்டுத்தான் விற்றார்கள். பிரேக்கில் சிக்கனம். 1999ல் ஹீரோ ஹோண்டா சிபிஇசட், 2001ல் பஜாஜ் பல்சர் என்று வந்த பிறகுதான் டிஸ்க் பிரேக் நம் தெருக்களில் சகஜமானது. அந்தத் தலைமுறை வண்டிகளுக்கு இப்போது இருபது வயசைத் தாண்டிவிட்டது. பால் கேன், வாழைத்தார், சிமெண்ட் மூட்டை எல்லாம் இன்றைக்கும் அவற்றின் மேல்தான் போகின்றன. 2022ல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். அதில் நூற்றுக்கு 44 பேர் டூவீலரில் போனவர்கள்.

சரி, மேலகரத்துக்கு வருவோம். மெக்கானிக் கெட்டிக்காரர். லிவரைப் பிடித்துப் பார்த்தார். எங்கேயும் ஆயில் ஒழுகவில்லை, இருந்தும் லிவர் இறங்குகிறது. “மாஸ்டர் சிலிண்டர் போயிட்டு அண்ணாச்சி.”

கைப்பிடிக்குப் பக்கத்தில் குட்டி டப்பாவோடு இருக்கிறதே, அதுதான். உள்ளே ஒரு பிஸ்டன், அதில் ரப்பர் கப். நீங்கள் லிவரைப் பிடித்தால் பிஸ்டன் ஆயிலைத் தள்ளும், ஆயில் ஹோஸ் வழியாகப் போய்ச் சக்கரத்தருகே காலிப்பரில் இருக்கிற பெரிய பிஸ்டனைத் தள்ளும், பேடு டிஸ்க்கைக் கவ்வும். ரப்பர் தேய்ந்தால் ஆயில் வெளியே வராமல் உள்ளுக்குள்ளேயே பின்பக்கம் நழுவிவிடும். அதனால்தான் ஒழுகல் தெரிவதில்லை.

தென்காசியில் ஒரு ஸ்பேர்ஸ் கடைக்குப் போனோம். கடைக்காரர் மூன்று டப்பாக்களை எடுத்து வைத்தார். 420 ரூபாய், 780 ரூபாய், 1,350 ரூபாய். என்ன வித்தியாசம் என்று கேட்டேன். “இது லோக்கல், இது மீடியம், இது ஒரிஜினல்.” காபிப்பொடி மாதிரி! பிறகு என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, “பெரிய வண்டிக்கு உள்ளது ஒண்ணு கெடக்கு. அதப் போடுங்க, கல்லு மாதிரி கெட்டியா இருக்கும்” என்றார். மெக்கானிக்கும் தலையாட்டினார்.

இந்தக் ‘கெட்டி’யோடுதான் என் சண்டை.

லிவர் கெட்டியாக இருந்தால் பிரேக் நன்றாகப் பிடிக்கிறது என்று நாம் எல்லாரும் நம்புகிறோம். பாதி சரி. ஏர் புகுந்து பஞ்சு மாதிரி அமுங்குகிற லிவர் ஆபத்துதான். ஆனால் பெரிய சிலிண்டர் போட்டுக் கிடைக்கிற கெட்டி வேறு சமாசாரம். பள்ளிக்கூடத்தில் பாஸ்கல் விதி படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுப்பது. ஒற்றை டிஸ்க் உள்ள வண்டியில் மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் 12.7 மில்லிமீட்டர், அதாவது அரை இஞ்ச், என்று வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் பரப்பு சுமார் 127 சதுர மில்லிமீட்டர். அதைக் கழற்றிவிட்டு 14 மில்லிமீட்டர் போட்டால் பரப்பு 154. விரலின் பலம் அதேதான், லிவரின் நீளம் அதேதான். ஆனால் ஆயிலில் ஏறுகிற அழுத்தம் 18 சதவீதம் குறைந்துவிடும். லிவர் கொஞ்சம்தான் நகரும், கை ‘ஆஹா, கெட்டி’ என்று சொல்லும், பேடோ முன்னைவிட மெதுவாகக் கவ்வும். கடையில் நின்று லிவரை அமுக்கிப் பார்க்கிறபோது இது தெரியாது. குறுக்கே மாடு வரும்போது தெரியும்.

மாறாக, 11 மில்லிமீட்டர் போட்டால் மூன்றில் ஒரு பங்கு அழுத்தம் கூடும். லாபம் என்று துள்ளாதீர்கள். அதற்கு லிவர் அதிக தூரம் போக வேண்டும். பேடு தேய்ந்த அன்றைக்குக் கைப்பிடியில் இடித்து நிற்கும். ஆக, சின்னதும் வேண்டாம், பெரிசும் வேண்டாம். கம்பெனி என்ன அளவு வைத்ததோ அதுவேதான் வேண்டும். பழைய சிலிண்டரின் உடம்பிலேயே பெரும்பாலும் அந்த அளவு வார்த்திருக்கும், அடிப்பக்கம் துடைத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் வெர்னியர் காலிப்பர் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

அந்த மூன்று டப்பாக்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தங்க நிற எழுத்து, சீறிப் பாயும் சிறுத்தை எல்லாம் இருக்கிறது. உள்விட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்று ஒன்றில்கூட இல்லை. ஐயா, இரண்டு ரூபாய் ஷாம்பு சாஷேயில் எத்தனை மில்லி என்று போடுகிறீர்கள். உயிரைப் பிடித்து நிறுத்துகிற சாமானில் ஒரே ஒரு எண்ணை அச்சடிக்க உங்களுக்கு என்ன கேடு? ஹோஸ் மாட்டுகிற போல்ட்டின் மரை பத்து மில்லிமீட்டரிலேயே இரண்டு விதம், 1.25 பிட்ச், 1.0 பிட்ச். மாற்றிப் போட்டு முறுக்கினால் அலுமினிய மரை வழுக்கிவிடும். அதுவும் டப்பாவில் இல்லை. ‘செட்டாயிரும்’ என்ற ஒரு வார்த்தையில்தான் வியாபாரமே ஓடுகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2019ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் 182ஏ என்று ஒரு பிரிவு. பாதுகாப்புக்கு முக்கியமானது என்று மத்திய அரசு அறிவித்த உதிரிபாகத்தைத் தரமில்லாமல் விற்றால் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு லட்சம் அபராதம், அல்லது இரண்டும். பல் இருக்கிறது. அது கடைத் தட்டு வரைக்கும் வந்து கடிக்கிறதா என்பதை உங்கள் ஊர் ஸ்பேர்ஸ் கடையில் பத்து நிமிஷம் நின்று நீங்களே பாருங்கள்.

“1,350 ரூபாய்க்கு நான் எங்கே போக?” என்று பால்காரர் கேட்டால்? நியாயமான கேள்வி. அவருக்கு 420 ரூபாய் டப்பாவைக் காட்டுவது பதில் இல்லை. கிட் என்று ஒன்று இருக்கிறது. பிஸ்டன், ரப்பர் கப், ஸ்பிரிங், பூட் எல்லாம் சேர்ந்த சின்னப் பாக்கெட். சிலிண்டர் சுவரில் நகத்தில் தட்டுப்படுகிற கீறலோ குழியோ இல்லையென்றால் ஒரிஜினல் கிட் போட்டாலே போதும். கீறல் இருந்தால் முழுசாகத்தான் மாற்றியாக வேண்டும், இதில் தயவு தாட்சண்யம் கிடையாது. ஆனால் கிட் கேட்டால் ஒரு சர்வீஸ் சென்டரில் எனக்குக் கிடைத்த பதில்: “கிட்லாம் போடுறதில்ல சார், செட்டாத்தான் வரும். பேசாம புது வண்டி எடுத்துருங்க.” பதினைந்து வருஷம் முடிந்தால் ஆர்.சி.யைப் புதுப்பித்து ஓட்டலாம் என்று அரசாங்கமே அனுமதிக்கிறது. ஐம்பது கிராம் ரப்பருக்காக வண்டியையே தூக்கிப் போடு என்கிறவர்களை என்ன செய்வது?

அத்தான் வண்டியைக் கழற்றினோம். நகம் சிக்கியது. குழி. வேறு வழியில்லை, 1,350தான். அளவு பார்த்து வாங்கினோம்.

பழைய காலிப்பரைக் கழுவ மெக்கானிக் பெட்ரோல் கிண்ணத்தை எடுத்தார். பாய்ந்து தடுத்தேன். நம் ஊரில் எதைக் கழுவினாலும் பெட்ரோல்தான். பிரேக் ரப்பருக்குப் பெட்ரோல் விஷம், ஊதிப் பெருத்துவிடும். பிரேக் ஆயிலால்தான் கழுவ வேண்டும். சிலிண்டருக்குள் ஊசிமுனை மாதிரி ஒரு துவாரம் உண்டு. ஆயில் திரும்பி வருகிற வழி அது. ஊதின ரப்பரோ தூசியோ அதை அடைத்தால் நீங்கள் லிவரை விட்ட பிறகும் பிரேக் விடாது.

ஆயிலும் அப்படித்தான். மூடியில் டாட் 3 அல்லது 4 என்று எழுதியிருக்கும். இந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். புது டாட் 3 கொதிக்கக் குறைந்தது 205 டிகிரி வேண்டும். ஈரம் ஏறினால் 140லேயே கொதிக்கலாம். ஆரியங்காவிலிருந்து புளியரைக்கு வளைந்து வளைந்து இறங்குகிறபோது பிரேக் சுடும், ஆயில் கொதித்து ஆவியாகும், லிவர் காற்றை அமுக்கும். எனவே இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புது ஆயில், சீல் உடைக்காத பாட்டில். மெக்கானிக் ஷெல்ஃபில் சாரல் காற்றில் மூடியில்லாமல் நின்ற அரை பாட்டிலை நான் கீழே கவிழ்த்தபோது அவர் முகம் போன போக்கு!

செம்பு வாஷர் புதுசு போட்டு, ஏர் எடுத்து முடிக்க ஒரு மணி நேரம். அத்தான் வந்து லிவரைப் பிடித்துப் பார்த்தார். “என்ன மாப்ளே, முன்னவிட கல்லா இல்லையே?” ஒரு நிமிஷம் பிடித்தபடி நிற்கச் சொன்னேன். லிவர் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. பிறகு என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு குற்றாலம் ரோட்டில் போய் ஒரு பிடி பிடித்தார். நான் அவர் முதுகில் மோதிக்கொண்டேன்.

திரும்பும் வழியில் ஸ்பேர்ஸ் கடையில் பில் கேட்டேன். துண்டுச் சீட்டில் ‘பிரேக் சாமான் 1’ என்று எழுதித் தந்தார். கம்பெனி, பார்ட் நம்பர், தேதி எல்லாம் போட்டு எழுதுங்கள் என்றேன். “இதையெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்களே அண்ணாச்சி” என்றபடியே எழுதினார். அடுத்த முறை நீங்களும் கேட்டு வாங்குங்கள்.