முதியோர் இல்லங்களில் தணியாத வலி

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கடத்தல்காரர்களை எவ்வளவு அச்சுறுத்தியதோ, மருத்துவர்களையும் மருந்தகங்களையும் நன்றாகவே அச்சுறுத்தியது. மார்ஃபின் வைத்திருக்க மாநிலத்துக்கு மாநிலம் வெவ்வேறு உரிமங்கள் தேவைப்பட்டன. 2014இல் நாடாளுமன்றம் செய்த திருத்தம், மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அங்கீகாரமே போதும் என்றாக்கியது. ஆனால் அந்த அங்கீகாரம் மருத்துவ நிறுவனங்களுக்குரியது. முதியோர் இல்லங்களில் பெரும்பாலானவை அந்த வகையில் சேரா.

பெங்களூரில் கருணாஸ்ரயா 1999 முதல் முற்றிய புற்றுநோயாளிகளின் வலியைக் கட்டணமின்றித் தணித்து வருகிறது. அதே நகரின் லிங்கராஜபுரத்தில் ஓர் இல்லத்தில் மூட்டு வலியோடு கிடக்கும் மூதாட்டிக்கு என்ன வழி? அவருக்கு மார்ஃபின் வேண்டியதில்லை. நேரம் தவறாமல் தரப்படும் பாராசிட்டமாலே பலருக்கும் ஆறுதல் தரும். "வயதானால் வலிக்கத்தான் செய்யும்" என்று ஒதுக்கிவிடுவதுதான் கொடுமை. மறதி நோயால் சொல்ல இயலாதவரின் வலியையும் முகச்சுளிப்பு, முனகல், தொட்டால் விலகுதல் ஆகியவற்றால் அறியலாம். இதற்குப் பயிற்சி பெற்ற செவிலியர் தேவை.

கேரளம் 2008இலேயே கொள்கை வகுத்து, உள்ளாட்சி அமைப்புகளின் வழியே செவிலியரை வீடுகளுக்கு அனுப்பியது. முதியோர் இல்லங்களின் மருத்துவத் தரத்தை நிர்ணயிக்க 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் சட்டம் மாநிலங்களுக்கு அதிகாரம் அளித்துள்ளது. செவிலியரின் வாராந்திர வருகையையும் வலிப் பதிவேட்டையும் கர்நாடக அரசு அவ்விதிகளில் கட்டாயமாக்க வேண்டும். தமிழக அரசுக்கும் இது பொருந்தும்.