கணக்கில் வராத தூண் பாறை

கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டிகள், சனி, ஞாயிறுகளில் 6,000. 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்த வரம்பைப் பற்றி விடுதிக்காரர்களும் வியாபாரிகளும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார்கள். நாம் கேட்பது வேறு. கூட்டம் குறைந்த நாளில் வரம்பை இறுக்கிவிட்டு, கூட்டம் நெரியும் நாளில் கூடுதலாக 2,000 வண்டிகளை மலையேற விடுவதில் என்ன நியாயம்? பேருந்துகளும் உள்ளூர் வண்டிகளும் இந்தக் கணக்கில் சேராது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மேலே வந்த வண்டிகள் எங்கே போகின்றன என்று யாராவது யோசித்தார்களா? ஏரியை ஒரு சுற்று சுற்றிவிட்டு, மோயர் பாயிண்ட், பைன் காடு, குணா குகை, தூண் பாறை என்று எல்லாம் ஒரே சாலையில் போய் அடைகின்றன. அடிவாரத்தில் வண்டியை எண்ணும் ஏற்பாடு, பாறையின் முன்னால் ஒரு நாளில் எத்தனை பேர் நிற்கலாம் என்பதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

தூண் பாறை சாதாரணப் பாறை அல்ல. காட்டின் விளிம்பிலிருந்து ஏறக்குறைய 122 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக எழும் மூன்று தூண்கள் அவை. பாறையில் இருந்த நெடுக்குப் பிளவுகளில் மழையும் வெயிலும் காலங்காலமாக வேலை செய்து, ஒன்றாக இருந்ததைத் தனித்தனியாகப் பிரித்திருக்கின்றன. அந்தப் பிளவுகளின் ஆழம்தான் குணா குகை. தூண்களின் அடியையும் குகையின் வாயையும் பொத்திப் பாதுகாப்பது சோலைக்காடு.

அந்தச் சோலைக்கு என்ன ஆகிறது என்பதைக் குகைக்குப் போகும் வழியில் பார்க்கலாம். மரங்களின் வேர்கள் தரைக்கு மேலே பின்னிப் பிணைந்து கிடக்கின்றன. அவற்றின் மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் திரும்புகிறவர்கள் குறைவு. மிதிபட்டு மிதிபட்டு வேரின் பட்டை தேய்ந்து வழவழப்பாகிவிட்டது. வேர்களுக்கு நடுவே இலைமக்கு இல்லை. மண் இறுகிக் கிடக்கிறது. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலோடு ஓடிவிடுகிறது. விழும் விதை முளைக்க இடமில்லை. சோலை மரங்கள் மெதுவாக வளர்பவை. இன்று நிற்கும் மரம் பட்டுப்போனால் அதன் இடத்தை நிரப்ப அடியில் ஒரு கன்றுகூட இல்லை. பாறை நாளைக்கும் நிற்கும். பாறையைச் சுற்றியிருக்கும் காடு நிற்குமா?

முன்கூட்டித் தெரியாது என்று அரசும் அதிகாரிகளும் சொல்லிவிட முடியாது. 1991இல் வந்த ‘குணா’ படம்தான் குகைக்கு இந்தப் பெயரைக் கொடுத்தது. 2006இல் அந்தக் குகையில் நடந்த விபத்தை வைத்து எடுத்த ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படம் 2024இல் வந்தபோது, கூட்டம் எப்படித் திரண்டது என்பதை ஊரே பார்த்தது. ஓராண்டு அவகாசம் இருந்தது. அதற்குள் செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்யாமல், வாகன வரம்பை நீதிமன்றமே சொல்ல வேண்டிய நிலைக்குக் கொண்டுவந்தார்கள். நீதிமன்றம் சொன்ன எண்ணிக்கையை அடிவாரத்தில் சரிபார்ப்பதோடு தங்கள் கடமை முடிந்தது என்று இப்போது இருக்கிறார்கள்.

இந்த மலையில் இவர்களின் வரலாறே இப்படித்தான். புல்வெளியை வீண் நிலம் என்று முடிவு செய்து வாட்டிலும் பைனும் யூகலிப்டஸும் நட்டார்கள். பிறகு அந்த மரங்களையே அகற்றச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது. இரண்டு தளங்களுக்கு மேல் கட்டக் கூடாத இடத்தில் ஏழு மாடி விடுதிக்கு விதிவிலக்கு அளித்தார்கள். பழனி மலைப் பாதுகாப்பு மன்றம் வழக்குப் போட்டு 1995இல் அதை ரத்து செய்ய வைத்தது. அமெரிக்காவில் மூடிய பாதரச வெப்பமானி ஆலையை 1980களில் பாம்பார் சோலையின் விளிம்பில் நிறுவ இடம் கொடுத்தார்கள். பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு பழைய சாமான் கடையில் குவிந்து கிடந்ததை வெளிக்கொண்டு வந்தவர்கள் அதிகாரிகள் அல்ல, ஊர் மக்களும் சூழல் ஆர்வலர்களும்தான். ஆலை 2001இல் மூடப்பட்டது. அந்த மண்ணைச் சுத்தம் செய்யும் பேச்சு அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. அனுமதி கொடுப்பதில் இருந்த வேகம், கொடுத்த பிறகு கண்காணிப்பதில் ஒரு முறைகூட இருந்ததில்லை.

சுற்றுலாவை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களை நாம் மறக்கவில்லை. பாறையும் சோலையும் கெட்டுப்போனால் முதலில் வருமானத்தை இழப்பவர்கள் அவர்கள்தான்.

ஊருக்குள் எத்தனை வண்டி என்பதோடு, காட்டுக்குள் எத்தனை கால்கள் என்பதையும் வரையறுக்க வேண்டும். வனத்துறையும் சுற்றுலாத் துறையும் மாவட்ட நிர்வாகமும் உள்ளூர்க்காரர்களோடு உட்கார்ந்து ஒரு வழி கண்டுபிடிக்கட்டும். வேர்களுக்கு ஓய்வு கிடைக்கும்படி அது இருக்க வேண்டும். அதுவரை, சனி, ஞாயிறுகளுக்கு அள்ளிக்கொடுத்த 2,000 வண்டிகளைக் குறைக்கும்படி அரசே நீதிமன்றத்தில் கேட்க வேண்டும். இன்னொரு வழக்கு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.