ஆலா கணக்கு

கோலார் தங்கவயலின் பாலகாட்டில் இருந்துகொண்டு கடற்பறவை பார்க்கிறேன் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிப்பதில் நியாயம் இருக்கிறது. எங்கள் தெருவிலிருந்து வங்கக்கடலுக்கு நேர்க்கோடு இழுத்தால் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் வரும். ஊரோ கடல் மட்டத்திலிருந்து எண்ணூறு மீட்டருக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. ஆனால் எங்கள் தாத்தாக்களின் கணக்கு வேறு. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,200 மீட்டர் ஆழம். அதன் அடிமட்டத்தில் வேலை செய்தவர்கள் கடல் மட்டத்துக்கும் கீழே இரண்டு கிலோமீட்டருக்கு மேல் இறங்கி, ஷிப்ட் முடிந்து ஏறி வந்தவர்கள். அவர்களில் வேளாங்கண்ணிக்குப் போனவர்களைத் தவிர, கடலைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள்.

கடல் வராவிட்டால் என்ன, அதன் உறவுக்காரர்கள் வருகிறார்கள். ஐப்பசி மழை ஓய்ந்து ஏரிகளில் தண்ணீர் தெளிகிற சமயத்தில் பேத்தமங்கலம் ஏரிக்கு ஆலாப் பறவைகள் வந்து சேரும். எங்கள் ராபர்ட்சன்பேட்டையிலிருந்து பத்து கிலோமீட்டர் போலத்தான் தூரம். ஸ்கூட்டரில் கிளம்பினால் டீ ஆறுவதற்குள் கரையில் நிற்கலாம். சுரங்கக் காலத்திலிருந்து தங்கவயலுக்குக் குடிதண்ணீர் கொடுத்த ஏரி அது. பாலாற்றின் குறுக்கே கட்டியது. எங்கள் வீடுகளில் "பேத்தமங்கலம் தண்ணி" என்றால் குழாயைத்தான் காட்டுவார்கள். அந்தத் தண்ணீருக்கு மேலே யார் பறக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

பனிக்காலத்தில் அதிகம் பார்க்கக் கிடைப்பது மீசை ஆலா. புறாவைவிட இளைத்த உடம்பு, நீண்டு ஒடுங்கிய இறக்கை. முதுகு வெளிர்சாம்பல், வயிறு வெள்ளை, கண்ணுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் தீற்று. அது இரை தேடுகிற முறையைக் கரையில் நின்று ஒரு கால் மணி நேரம் பாருங்கள், வேறு வேலை ஓடாது. காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறதோ அந்தப் பக்கம் முகம் கொடுத்து, தண்ணீருக்கு ஓர் ஆள் உயரத்தில், அலகைக் கீழே குத்தியபடி மெல்லப் பறந்து வரும். பூச்சியோ குஞ்சுமீனோ கண்ணில் பட்டால் அப்படியே சரிந்து தண்ணீரின் மேல்தோலை மட்டும் கொத்திக்கொண்டு எழும்பும். உடம்பு நனைவதே இல்லை. ஏரியின் அந்தக் கோடி வந்ததும் சட்டென்று திரும்பி, காற்றோடு காற்றாக வேகமாகப் பின்னால் போய், தொடங்கின இடத்திலிருந்து மறுபடி அதே கோட்டில் வரும். உழவுகாரர் சாலடிக்கிற ஒழுங்கு.

பரிசலில் வலை எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் நான் பைனாகுலரோடு நிற்பதைப் பார்த்து, நில அளவைக்கு வந்த ஆள் என்று நினைத்துவிட்டார்.

"ஏரியை அளக்கறீங்களா சார்?"

"இல்லைண்ணா. அந்த வெள்ளைக் குருவிங்களைப் பாக்கறேன்."

"அதுங்களா? அதுங்க மழை முடிஞ்சு வரும், வெயில் ஏறினா போயிடும். போறப்ப வயிறெல்லாம் கறுப்பாயிடும் பாருங்க."

நான் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொண்டதை அவர் பரிசலில் உட்கார்ந்தே தெரிந்துவைத்திருந்தார். உண்மைதான். பங்குனி நெருங்கும்போது மீசை ஆலாவுக்கு இனப்பெருக்கக் கால உடை வரத் தொடங்கும். உச்சந்தலை முழுக் கறுப்பாகும். வயிறு அடர்சாம்பலாகிக் கன்னத்தில் மட்டும் வெள்ளைக் கோடு நிற்கும். அதுதான் பெயரில் இருக்கிற மீசை. அலகு சிவக்கும். அந்தக் கோலத்தில் கொஞ்ச நாள் சுற்றிவிட்டு வடக்கே போய்விடும். காஷ்மீரத்து ஏரிகளிலும் அதற்கு அப்பாலும் நீர்த்தாவரங்களின் மேல் மிதக்கிற கூடு கட்டும்.

இன்னொன்று ஆற்று ஆலா. இது விருந்தாளி இல்லை, இந்த நாட்டுக் குடி. மஞ்சள் அலகு, நீளமாகப் பிளந்த வால். மீசை ஆலா மாதிரி மேலோடு கொத்தாமல் உயரத்திலிருந்து தலைகீழாகப் பாய்ந்து முழுகி எடுக்கும். ஆற்று மணல் திட்டுகளிலும் நீர்த்தேக்கத் தீவுகளிலும் வெறும் தரையில் முட்டையிடும். நம் கர்நாடகத்தில் பத்ரா அணையின் தீவுகளில் இவை கூட்டமாக முட்டையிடுவதைப் பார்க்கவே ஆட்கள் போகிறார்கள். மணல் அள்ளுவது, நாய், கோடையில் திடீரென்று ஏறி இறங்குகிற நீர்மட்டம் என்று எல்லாம் சேர்ந்து அடித்ததில், உலக அளவில் அழியும் ஆபத்துள்ள இனங்களின் பட்டியலில் இப்போது இதற்கும் இடம் கிடைத்துவிட்டது. கிடைக்கக் கூடாத இடம்.

அசல் கடற்பறவை வேண்டுமானால் ஆற்றோடு இறங்கிப் போக வேண்டியதுதான். நந்தி மலைப் பக்கம் பிறக்கிற பாலாறு கோலார் மாவட்டத்தைக் கடந்து, ஆந்திரத்தை ஓரமாகத் தொட்டு, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், செங்கல்பட்டு என்று போய், கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூரில் கடலில் சேர்கிறது. மொத்தம் 348 கிலோமீட்டர். சேர்கிறது என்று சொல்வது வழக்கத்துக்காக. பெரும்பாலான வருடங்களில் மணல்தான் போய்ச் சேர்கிறது. 2021 நவம்பர் மாதிரி எப்போதாவது வெள்ளம் வந்தால் வேலூர்க்காரர்கள் பாலத்தில் நின்று ஆற்றைப் புகைப்படம் எடுக்கிறார்கள். எங்கள் பெரியவர்கள் வட ஆற்காட்டிலிருந்து, இந்தப் பாலாற்றங்கரை ஊர்களிலிருந்து, சுரங்க வேலைக்கு மேலே ஏறி வந்தவர்கள். அதனால் பனிக்காலத்தில் நான் வயலூருக்குப் போவதைப் பூர்வீகம் பார்க்கப் போகிற கணக்கில் வீட்டில் மன்னித்துவிடுகிறார்கள்.

முகத்துவாரத்தில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது வெயில் எந்தப் பக்கம் என்பது. கிழக்குக் கடற்கரையில் காலையில் கடலைப் பார்த்து நின்றால் சூரியன் நேரே கண்ணில் அடிக்கும். பறவையெல்லாம் கறுப்பு அட்டையாகத் தெரியும். கடலை முதுகுக்குப் பின்னால் விட்டு, உள்ளே கழிமுகத்து மணல் திட்டைப் பார்த்து நிற்க வேண்டும். இதைச் சொல்லித்தராமல் முதல்முறை ஆட்களைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய், "கடற்பறவை எல்லாம் ஒரே மாதிரி இருக்கே" என்று சலிக்கவைத்துவிடுகிறார்கள்.

மணல் திட்டில் கூட்டம் முழுக்க ஒரே திசையில், காற்றைப் பார்த்து நிற்கும். கடற்காகங்களும் ஆலாக்களும் கலந்து நிற்பதால் அளவை ஒப்பிட இதைவிட நல்ல இடம் கிடையாது. காஸ்பியன் ஆலாவை யாரும் தவறவிட முடியாது. ஆலாக்களிலேயே பெரியது, பழுத்த மிளகாய் மாதிரி தடித்துச் சிவந்த அலகு. அதன் பக்கத்தில் மஞ்சள் அலகோடு நிற்பது பெரிய கொண்டை ஆலா, ஆரஞ்சு அலகு என்றால் சின்னக் கொண்டை ஆலா. அலகு கறுப்பாகி நுனி மட்டும் மஞ்சளாக ஒன்று நின்றால் அது சாண்ட்விச் ஆலா. அன்றைக்கு நல்ல நாள்.

கடற்காகங்கள் இவ்வளவு சுலபமாகப் பிடிகொடுப்பதில்லை. பழுப்புத்தலைக் கடற்காகம், கருந்தலைக் கடற்காகம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பனிக்காலத்தில் வந்து பார்த்தால் இரண்டுக்கும் தலை வெள்ளைதான், காதருகே ஒரு கறைப்புள்ளி மட்டும் மிச்சம். பெயர் வைத்தவர்கள் அவற்றின் கோடைக்கால ஊரில் உட்கார்ந்து வைத்த பெயர், நாம் என்ன செய்வது? இறக்கையைப் பார்க்க வேண்டும். பழுப்புத்தலையின் இறக்கை நுனி அகலமான கறுப்பு, அதற்குள் வெள்ளைப் பொட்டு. கண் வெளிறியிருக்கும். கருந்தலைக்குக் கண் கறுப்பு, இறக்கையின் முன்விளிம்பில் வெள்ளைப் பட்டை நீளமாக ஓடும். இவற்றிலும் இளசுகள் வேறு மாதிரி. இந்தச் சிறிய இனங்கள் முழு உடை போட இரண்டு வருடம் எடுத்துக்கொள்ளும். பெரிய கடற்காகங்களுக்கு நாலு வருடம். அந்தப் பெரிய இனங்களைத் தேடுகிறவர்கள் தனுஷ்கோடிக்கும், அக்கரையில் மன்னாருக்கும் போகிறார்கள். எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

இந்தப் பழுப்புத்தலை எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. லடாக், திபெத், மத்திய ஆசியா. மிக உயரத்தில் இருக்கிற குளிர்ந்த மேட்டு ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, இமயத்தைத் தாண்டிக் கடல் மட்டத்துக்கு இறங்குகிறது. இங்கே உப்புத் தண்ணீரையே குடிக்கிறது. கண்ணுக்கு மேலே ஒரு சுரப்பி, இரத்தத்தில் மிஞ்சின உப்பைப் பிரித்து மூக்குத் துளை வழியாக வெளியே விடும். பக்கத்தில் நிற்கிற கடற்காகத்தைத் தொலைநோக்கியில் பார்த்தால், சில சமயம் அலகு நுனியில் ஒரு சொட்டு தொங்கும், தலையை உதறி எறியும். சளி பிடித்திருக்கிறது என்று நினைக்க வேண்டாம்.

ஒரு சங்கடத்தையும் சொல்லியாக வேண்டும். மணல் திட்டில் கூட்டம் நின்றால், அதை எழுப்பிப் பறக்கவிட்டுப் படம் எடுப்பதற்கென்றே ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். வானம் முழுக்க வெள்ளை இறக்கை, படம் பிரமாதமாகத்தான் வருகிறது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வந்து இளைத்த பறவை, திரும்பிப் போகக் கொழுப்பு சேர்க்கிற மாதங்கள் இவை. ஒவ்வொரு தடவை எழும்புவதற்கும் அது தின்றதில் கொஞ்சம் செலவாகிறது. கேமரா வைத்திருப்பவர்களைவிட வலை உலர்த்துகிற மீனவப் பெண்கள் இந்தக் கூட்டத்தை நன்றாக நடத்துகிறார்கள். ஓரமாகப் போகிறார்கள், அவ்வளவுதான்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். பறவை பார்ப்பதில் பெரிய பெருமை ஊர் ஊராகப் போய்ப் புது இனம் சேர்ப்பதில் இருக்கிறது என்று ஒரு நினைப்பு பரவியிருக்கிறது. போகட்டும், தப்பில்லை. எனக்கு அதைவிட மதிப்பாகத் தெரிவது, ஒரே ஏரிக்கு, ஒரே கரைக்கு வாராவாரம் போய் எண்ணி எழுதி வைக்கிற ஆள். சென்னையில் கடல் ஆமைகளுக்காக மாணவர்கள் தொடங்கின அமைப்பு ஒன்று 1988 முதல் இருக்கிறது. பனிக்கால இரவுகளில் அதே கடற்கரையில் நடந்து, முட்டையிட்ட ஆமை எத்தனை, செத்து ஒதுங்கினது எத்தனை என்று குறித்துவைக்கிறார்கள். 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டு கரைகளில் ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கினபோது, "இது வழக்கத்துக்கு மாறானது" என்று உடனே சொல்ல முடிந்தது. வழக்கம் எது என்று அவர்களிடம் நோட்டில் இருந்தது. அதற்குப் பிறகு இழுவைப்படகு, வலை, தடை என்று அரசாங்கம் மறுபடி பேச்சை எடுத்தது.

பேத்தமங்கலத்தில் ஆலா பாதியாகக் குறைந்துவிட்டால் யார் சொல்வது? பரிசல்காரர் சொல்வார், கேட்பார் இல்லை. எங்கள் ஊர் எண்ணத் தெரியாத ஊர் இல்லை. நூற்றிருபது வருடம் தங்கத்தை அவுன்ஸ் கணக்கில் எழுதி வைத்த ஊர். எத்தனை பேர் இறங்கினார்கள், எத்தனை பேர் ஏறினார்கள் என்கிற எண்ணிக்கையில் குடும்பங்களின் உயிர் தொங்கின ஊர். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடினதோடு கணக்கு எழுதுகிற பழக்கமும் மூடிவிட்டது போலிருக்கிறது. மிச்சமிருப்பவர்கள் விடியற்காலை ரயிலில் பெங்களூர் போய் இருட்டினபிறகு திரும்புகிறார்கள். அவர்களை ஏரிக்கரைக்குக் கூப்பிட எனக்கு வாய் வராது. ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருக்கிறதே, அதை மட்டும் கேட்கிறேன்.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமும் அதில் பங்கெடுக்கிறது. எந்த ஏரிக்காரரும் தன் ஏரியை எண்ணித் தரலாம், பட்டம் ஒன்றும் வேண்டாம். இ-பேர்ட் செயலியில் ஏற்றினால் உலகத்தில் எங்கிருந்தும் அந்த எண்ணைப் பார்க்க முடியும். செயலி பிடிக்காதவர்களுக்கு நாற்பது பக்க நோட்டுப் போதும். தேதி, நேரம், நின்ற இடம், பார்த்த இனம், எண்ணிக்கை. பெயர் தெரியாத பறவைக்கு அலகு நிறமும் வால் வடிவமும் எழுதுங்கள், பெயர் பிறகு வரும். ஒன்றுமே இல்லாத நாளில் "ஆலா இல்லை" என்று எழுதுங்கள், அதுவும் கணக்குத்தான்.

இந்தத் தை மாதம் ஏதாவது ஒரு ஞாயிறு காலை ஏழு மணிக்கு பேத்தமங்கலம் ஏரிக்கரைக்கு வாருங்கள். பைனாகுலர் இல்லாதவர்கள் என்னுடையதில் பார்க்கலாம். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். டீயை மட்டும் பிளாஸ்கில் எடுத்து வந்துவிடுங்கள், நான் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் கடை கிடையாது.