தாய்க்கு மட்டும் ஒரு வினா

அண்மையிலே, எம்மிடம் முன்னர் கல்வி பயின்ற பெண்ணொருத்தி நற்சான்றிதழ் ஒன்று வேண்டி எமது இல்லத்திற்கு வந்திருந்தாள். 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் வீசியபோது, மலைச்சரிவிலிருந்த அவளது வீடு மண்ணுள் மறைந்தது. சில வாரங்கள் பாடசாலைக் கட்டடமொன்றில் தங்கியபின், கணவனுடனும் மூன்று வயதுக் குழந்தையுடனும் உறவினர் வீட்டில் ஒதுங்கியிருக்கிறாள். பாதை அடைபட்டுக் கிடந்த நாட்களில் வேலைக்குச் செல்ல இயலவில்லை; நகரத்துக் கடையிலே அவள் பார்த்துவந்த கணக்கு வேலை வேறொருவருக்குப் போய்விட்டது.

"வேறு இடங்களிற் கேட்டுப் பார்த்தாயா, பிள்ளை?" என்றோம்.

"கேட்டேன், ஐயா. நிரந்தர விலாசம் உண்டா, குழந்தையை யார் பார்ப்பார் என்று கேட்டார்கள். பிறகு அறிவிப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்" என்றாள்.

அவளுடைய கணவனும் அதே வாரத்தில் வேலை தேடிச் சென்றான். மூட்டை தூக்க முடியுமா என்று மட்டுமே அவனிடம் கேட்டார்களாம். குழந்தை இருவருக்கும் பொது. வினாவோ தாய்க்கு மட்டும் உரியதாயிற்று!

பட்ட காலிலே படும் என்பது இதுதான் போலும். 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை எழுந்தபோதும் இதனையே கண்டோம். தோணியும் வலையும் இழந்த ஆடவர் தொழில் இழந்தோராயினர். கருவாடு உலர்த்தியும், கயிறு திரித்தும், இடியப்பம் அவித்து விற்றும் பிள்ளைகளை வளர்த்த பெண்களின் தொழில் பல இடங்களிலே கணக்கில் ஏறவில்லை. உதவிப் பணமும் பெரும்பாலும் 'குடும்பத் தலைவர்' என ஆடவர் பெயரிலேயே எழுதப்பட்டது. மட்டக்களப்பு நாவலடியை விட்டுத் திராய்மடுவிற் குடியேறியவர்களைப்போலக் கரையை விட்டு அகன்றவர்களுக்கு வீடு கிடைத்தது. கரையை நம்பிய சிறுதொழில் உடன்வரவில்லை.

சட்டம் இல்லையோ என வாசகர் வினவலாம். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை, பால் காரணமாக ஓரங்கட்டுதல் கூடாது என்கிறது. ஆயினும் அது அரசின் செயல்களையே கட்டுப்படுத்துவது. தனியார் கடை முதலாளியின் 'பிறகு அறிவிப்போம்' என்ற சொல்லை அது எட்டாது. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமோ, வேலையிலிருக்கும் தாயையே காக்கின்றது. வாயிலில் நிற்பவளுக்குக் காவல் யாது?

வழி காண்பது அரிதன்று. எமது தேயிலைத் தோட்டங்களிலே பிள்ளைக் காம்பரா நெடுங்காலமாக உண்டு. அது இரக்கத்தினால் மட்டும் எழுந்ததன்று. கொழுந்து பறிக்கத் தாயின் கை தேவைப்பட்டது, ஆகவே குழந்தைக்கு இடம் தேடினார்கள். இடம்பெயர்ந்தோர் தங்குமிடந்தோறும், புதிய குடியேற்றந்தோறும் அத்தகைய காம்பரா ஒன்று முதல் மாதத்திலேயே அமைதல் வேண்டும். இழப்பைப் பதியும் அலுவலர், "அம்மா, நீங்கள் என்ன தொழில் செய்தீர்கள்?" என்று தனியே கேட்டு எழுதுதல் வேண்டும். வேலை கொடுப்போர், தந்தையிடம் கேளாத வினாவைத் தாயிடமும் கேளாதிருத்தல் வேண்டும்.

நற்சான்றிதழை எழுதிக் கொடுத்தோம். விண்ணப்பங்களிலே எமது வீட்டு விலாசத்தையே குறிப்பிடுமாறும் கூறினோம். முதல் வினாவுக்கு எம்மால் இயன்ற விடை அது. குழந்தையை யார் பார்ப்பார் என்ற மற்ற வினாவுக்கு விடை சொல்ல வேண்டியவர் அவளல்லர், ஊரவராகிய நாமெல்லோருமே.