நாலாம் நம்பர் என்ன விலை?

திருச்சியிலிருந்து ஒரு வாசகர் கடிதம். 'சார், எல்லாவற்றைப் பற்றியும் எழுதுகிறீர்கள், குதிரை ரேஸைப் பற்றி மட்டும் மூச்சு விடுவதில்லையே! எங்கள் ஆபீஸில் நாலு பேர் வாட்ஸ்அப் குரூப்பில் டிப்ஸ் வாங்குகிறார்கள். சனிக்கிழமையானால் 'ஷ்யூர்' என்று மூன்று குதிரை வருகிறது. நானும் சேரலாமா? என் சம்பளம் 28 ஆயிரம்.'

ரேஸைப் பற்றிக் கேட்டது சரி. போகிற போக்கில் சம்பளத்தையும் சொன்னாரே, அங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதனால் இந்த வாரம் முழுக்கக் குதிரை.

முதலில் அந்த 'ஷ்யூர்' சமாசாரம். லாயத்தில் புல் போடுகிறவருக்குத் தெரிந்த ரகசியம் அவர் மச்சானுக்குப் போய், மச்சான் டீக்கடையில் சொல்லி, டீக்கடையில் கேட்டவர் குரூப்பில் போட்டு, உங்கள் செல்போனில் 'டிங்' என்று வந்து விழுகிறது. அதற்குப் பேர் ரகசியமில்லை, தண்டோரா. இன்னொரு வகையும் உண்டு. எட்டுக் குதிரை ஓடுகிற ரேஸில் எட்டு குரூப்புக்கு ஆளுக்கொரு குதிரையை 'ஷ்யூர்' என்று அனுப்பிவிட்டால், ஒரு குரூப்புக்குப் பலித்தே தீரும். அந்த குரூப்புக்கு மறுநாளே சந்தா கேட்டு மெசேஜ் வரும். பாக்கி ஏழு குரூப்புக்கு 'ஜாக்கி துரோகம் பண்ணிட்டான்' என்று மெசேஜ் வரும். இதற்குக் குதிரையைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எட்டு வரை எண்ணத் தெரிந்தால் போதும்.

'அப்படியானால் ரேஸ் வெறும் அதிர்ஷ்டம்தானா?' என்று கேட்டால், இல்லை. சொல்வது நானில்லை, சுப்ரீம் கோர்ட். 1974-ல் தமிழ்நாடு அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் போட்டது. வழக்கு நடந்து, நடந்து (குதிரையின் வேகம் வழக்குக்கு வராது), 1996 ஜனவரி 12-ம் தேதி தீர்ப்பு வந்தது. ரேஸில் ஜெயிப்பது பெரும்பாலும் திறமையைப் பொறுத்தது, அது சூதாட்டம் ஆகாது என்றார்கள். நம் ரேஸ் அன்பர்கள் இந்தத் தீர்ப்பைத் தாயத்து மாதிரி கட்டிக்கொண்டு திரிவார்கள். திறமை இருக்கிறது என்றுதான் கோர்ட் சொன்னது. அது நம்ம ஆளிடம் இருக்கிறது என்று சொன்னதாக ஞாபகமில்லை.

அந்தத் திறமையை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பி.காம். முடித்து மவுண்ட் ரோடில் ஒரு ஆடிட் ஆபீஸில் சேர்ந்த புதிது, 2012. அங்கே சீனியர் ஒருவர், எல்லோருக்கும் அவர் 'பெரியவர்'. அவரோடு பத்துப் பன்னிரண்டு தடவை கிண்டிக்குப் போயிருக்கிறேன். (2024 செப்டம்பரில் அரசு அந்த 160 ஏக்கர் குத்தகையை ரத்து செய்து கேட்டுக்கு சீல் வைத்ததும், விவகாரம் கோர்ட் படி ஏறியதும் ரொம்பப் பிந்தைய கதை.) மற்றவர்கள் ரேஸ் புத்தகத்தை ஜாதகம் மாதிரி படிப்பார்கள். பெரியவர் பாலன்ஸ் ஷீட் மாதிரி படிப்பார், கையில் சிவப்புப் பென்சிலோடு.

குதிரையின் பேருக்குப் பக்கத்தில் 4-2-7-1 என்று நம்பர் இருக்கும். கடைசி நாலு ஓட்டத்தில் எத்தனையாவதாக வந்தது என்று கணக்கு. புது ஆசாமிகள் அந்த ஒன்றைப் பார்த்ததும் பர்ஸைத் திறப்பார்கள். பெரியவர் பென்சில் ஏழில் போய் நிற்கும். ஏன் ஏழு? எத்தனை கிலோ சுமந்தது? எந்த கேட்டிலிருந்து கிளம்பியது? 1200 மீட்டர் ஓடிப் பழகியதை 2000 மீட்டருக்கு இழுத்தார்களா? அன்றைக்கு மழை பெய்து தரை சொதசொதவென்று இருந்ததா? ஜாக்கி யார், பழைய கையா, பயிற்சிப் பையனா? முன்னால் போன குதிரைக்கும் இதற்கும் எவ்வளவு இடைவெளி? மூன்று லெங்க்த் என்று போட்டிருக்கும். ஒரு லெங்க்த் என்பது ஒரு குதிரை நீளம், சுமார் எட்டடி. நேரத்தில் சொன்னால் ஒரு செகண்டில் ஐந்தில் ஒரு பங்கு. ஆக, ஏழாவதாக வந்து மானம் போன குதிரை, ஜெயித்த குதிரைக்கு அரை செகண்டுக்குக் கொஞ்சம் மேலேதான் பிந்தியிருக்கிறது!

எடை விஷயம் இன்னும் ரசமானது. ஹேண்டிகேப் ரேஸில் எல்லாக் குதிரையும் ஒரே நேரத்தில் கோட்டைத் தொடவேண்டும் என்று ஒரு அதிகாரி உட்கார்ந்து மார்க் போடுகிறார். நம் ஊரில் ஒரு மார்க்குக்கு அரைக் கிலோ. 20 மார்க் குதிரை 50 கிலோ சுமந்தால், 40 மார்க் குதிரை 60 கிலோ. ஜெயித்தால் மார்க் ஏறும், மார்க் ஏறினால் எடை ஏறும். ஒழுங்காக வேலை செய்கிறவன் மேஜையில் மட்டும் ஃபைல் ஏறுகிறதே, அதே நியாயம்தான். அதனால் போன வாரம் முதலாவதாக வந்த குதிரை இந்த வாரம் கூடுதல் மூட்டையோடு வருகிறது. தோற்ற குதிரை மூட்டையை இறக்கிவிட்டு வருகிறது.

காலைப் பயிற்சி ஓட்டத்தின் டைமிங்கும் புத்தகத்தில் இருக்கும். 600 மீட்டரை 38 செகண்டில் கடந்தால் முறுக்காகப் போயிருக்கிறது, 45 என்றால் உலாத்தப் போயிருக்கிறது. இரும்பு லாடமா, அலுமினிய லாடமா என்பது வரைக்கும் போட்டிருப்பார்கள். பெரியவர் அத்தனையும் பார்ப்பார். பார்த்துவிட்டு மனசுக்குள் ஒரு பர்சன்டேஜ் போடுவார். 'நாலாம் நம்பர், நூத்துக்கு நாப்பது.'

"அப்ப நாலாம் நம்பர்ல கட்டிடலாமா சார்?" என்றேன், முதல் நாள்.

"என்ன விலை?" என்றார்.

"சார்?"

"தம்பி, நான் பாத்தது எல்லாம் புஸ்தகத்துல இருக்கு. பத்தாயிரம் பேர் கையில அதே புஸ்தகம். எது ஜெயிக்கும்னு கேக்காதே. அது என்ன விலைக்குக் கிடைக்குதுன்னு கேளு."

கிண்டியில் நான் காது கொடுத்துக் கேட்ட டிப்ஸ் இது ஒன்றுதான். விளக்குகிறேன்.

டோட் என்பது பெரிய உண்டியல். எல்லோரும் கட்டுகிற பணம் அதில் விழுகிறது. கிளப் தன் பங்கை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஜெயித்த குதிரைமேல் கட்டியவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். அதற்குப் பேர் டிவிடெண்ட். (இந்தக் கணக்கை ஓயாமல் போடுகிற இயந்திரத்தை ஜார்ஜ் ஜூலியஸ் என்ற ஆஸ்திரேலிய இன்ஜினீயர் செய்து, 1913-ல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் முதலில் ஓடவிட்டார். ஓட்டு எண்ணுவதற்காக யோசித்த இயந்திரம், தேர்தலுக்கு வேண்டாம் என்றதும் குதிரைக்கு வந்தது.)

ஒரு பேச்சுக்கு, உண்டியலில் ஒரு லட்சம் விழுந்தது, கிளப் 20 ஆயிரம் எடுத்தது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 80 ஆயிரம். நாலாம் நம்பர்மேல் மட்டும் 40 ஆயிரம் கட்டியிருக்கிறார்கள். ஜெயித்தால் பத்து ரூபாய்க்கு இருபது. கையைக் கடிக்காமலிருக்கவே அது இரண்டு தடவைக்கு ஒரு தடவை ஜெயிக்க வேண்டும். பெரியவர் கணக்கில் அதற்கு நூற்றுக்கு நாற்பதுதான் வாய்ப்பு. ஆக, நல்ல குதிரை, ஆனால் விலை மோசம். அதே குதிரைமேல் 20 ஆயிரம்தான் விழுந்திருந்தால் பத்துக்கு நாற்பது. அப்போது பெரியவர் கவுன்டர் பக்கம் நகர்வார். உங்கள் வாட்ஸ்அப் 'ஷ்யூர்' என்ன செய்கிறது பாருங்கள். ஊரையெல்லாம் கூட்டி நாலாம் நம்பர்மேல் கட்ட வைத்து விலையைக் கெடுக்கிறது. ஜெயித்தால்கூட எல்லோருக்கும் பங்கு போட்டது போக மிஞ்சுவது டீச்செலவு.

பெரியவர் பாதி நாள் ஒரு டிக்கெட்கூட வாங்கமாட்டார். ஏழு ரேஸையும் வெறும் கண்ணால் பார்த்துவிட்டு, கேன்டீனில் டீ குடித்துவிட்டு, எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறிவிடுவார். "விலை படியல" என்பார், காய்கறிக் கடையிலிருந்து திரும்புகிற மாதிரி.

இதையே கம்ப்யூட்டரை வைத்துச் செய்தவர் பில் பென்டர் என்ற அமெரிக்கர். 1980-களில் ஹாங்காங் போனார். அங்கே ஓடுவது திரும்பத் திரும்ப அதே குதிரைகள், ஹாப்பி வேலி, ஷாட்டின் என்று இரண்டே மைதானம். ஒவ்வொரு குதிரைக்கும் வாய்ப்பை கம்ப்யூட்டரில் கணக்கிட்டார். கோடிக்கணக்கில் சம்பாதித்தார். 1994-ல் அவரே எழுதிய கட்டுரையில் ஒப்புக்கொண்ட விஷயம்தான் எனக்குப் பிடித்தது: தன் கணக்கை மட்டும் நம்பாமல், ஜனங்கள் கட்டிய பணம் காட்டுகிற விலையையும் அதோடு சேர்த்தபோதுதான் கணக்கு உருப்படியாயிற்று. அத்தனை கம்ப்யூட்டர் வைத்திருந்தவருக்கே ஊரார் புத்தி தேவைப்பட்டிருக்கிறது.

அதே ஆடிட் ஆபீஸில் என் பக்கத்து சீட்டுக்காரனையும் சொல்லவேண்டும். இருபத்தாறு வயசு, என்னைவிடக் கணக்கில் கெட்டி. அவன் ஆசை ஜாக்பாட். தொடர்ந்து ஐந்து ரேஸிலும் முதல் குதிரையைச் சொல்லவேண்டும். ரேஸுக்குப் பத்துக் குதிரை என்றால் ஒரு லட்சம் விதமாக முடியலாம். அவன் ரேஸுக்கு மூன்று குதிரை போடுவான். மூன்றை ஐந்து தடவை பெருக்கினால் 243 டிக்கெட், பத்து ரூபாய் வீதம் 2,430. மாசத்துக்கு நாலு தடவை என்றால் 9,720. சம்பளம் 14 ஆயிரம். ஒரு சனிக்கிழமை ஐந்தில் நாலு வந்துவிட்டது. 'நாலு வந்துடுச்சுடா!' என்று திங்கட்கிழமை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். ஆறுதல் தொகை கிடைத்தது. அதில் ஆறுதல் இருந்தது, தொகை இல்லை. அந்த நாலுதான் அவனைக் கொன்றது. ஒன்றுமே வராதிருந்தால் விட்டிருப்பான். தங்கை கல்யாணத்துக்கென்று சொசைட்டியில் வாங்கிய லோன் போயிற்று, தங்கையின் செயின் அடகுக்குப் போயிற்று. தீபாவளிக்கு முந்தின வாரம் ராஜினாமா எழுதிக் கொடுத்து, பி.எஃப். பணத்தை வாங்கிக்கொண்டு போனான். அவன் போன் நம்பரில் இப்போது வேறு யாரோ பேசுகிறார்கள். பெரியவர் மட்டும் ரொம்ப நாள், "அந்தப் பையன் பத்தி ஏதாவது தெரிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

திருச்சிக்காரரே, இன்னொரு கணக்கு. பெரியவர் காலத்தில் ஜி.எஸ்.டி. கிடையாது. 2017-ல் பந்தயத்துக்கு 28 சதவிகிதம் வந்தது, 2025 செப்டம்பர் 22-லிருந்து 40. நூறு ரூபாய் பந்தயத்துக்கு 140 எடுத்து வைக்கவேண்டும். உண்டியலில் கிளப் பங்கு 20 போக, சராசரி ஆளுக்குத் திரும்புவது 80. நூற்று நாற்பது கொடுத்து எண்பது வாங்குகிற வியாபாரத்தில், பெரியவரின் சிவப்புப் பென்சிலுக்கே மூச்சுத் திணறும். உங்கள் குரூப் அட்மினுக்கு மட்டும் திணறாது. அவர் வருமானம் சந்தா, குதிரை இல்லை.

அதையும் தாண்டி ஜெயித்தால் வருமான வரிக்காரர் 30 சதவிகிதத்தோடு நிற்பார். எங்கள் ஆபீஸுக்கு ஒரு கிளையன்ட் வந்தார். ஒரு தடவை பெரிதாக ஜெயித்தவர். மஞ்சள் பை நிறையத் தோற்ற டிக்கெட்டுகளைக் கொண்டுவந்து மேஜையில் கொட்டினார்.

"சார், ஜெயிச்சது ஒரு லட்சம். தோத்தது ஒன்றரை லட்சம். இதை அதுல கழிச்சிடலாமில்ல?"

"முடியாதுங்க. பந்தயத்துல தோத்ததைக் கழிக்கச் சட்டத்துல இடமில்லை" என்றார் பெரியவர்.

"யாருக்குமேவா?"

"ரேஸ் குதிரை சொந்தமா வளர்க்கிறவங்களுக்கு உண்டு. அந்த நஷ்டத்தை நாலு வருஷம் வரைக்கும் கொண்டுபோய், அதே வருமானத்துல கழிச்சுக்கலாம்."

கிளையன்ட் டிக்கெட்டுகளைத் திரும்பப் பையில் அள்ளிப் போட்டார். வாசல் வரைக்கும் போனவர் நின்று திரும்பினார்.

"ஒரு குதிரை என்ன விலை சார்?"