கோனெஸ்டோகா கப்பலில் என்ன மர்மம்?

 

"மர்மமாய் மறைந்த அமெரிக்கக் கடற்படைக் கப்பல்" என்று கோனெஸ்டோகாவைப் பற்றிக் காணொளி போடுகிறார்கள். பின்னணியில் பேய்ப்பட இசை வேறு. 56 பேர் செத்துப்போனது இவர்களுக்குப் பொழுதுபோக்கு! வகுப்பில் காரணம் கேட்ட இடத்தில் ஒரு பையன் "மர்மம்" என்று எழுதினால் நான் மதிப்பெண் போடமாட்டேன். இவர்களுக்கும் அதே கணக்குத்தான்.

முதலில், அது போர்க்கப்பலாகப் பிறந்ததே இல்லை. 1904-இல் ஒரு ரயில்வே கம்பெனிக்காகக் கட்டிய இழுவைக் கப்பல். துறைமுகத்தில் 'டக்' என்போமே, அந்த இனம். சரக்குப் படகுகளை வடம் கட்டி இழுப்பதுதான் அதன் பிழைப்பு.

1917-இல் அமெரிக்கா முதல் உலகப்போரில் இறங்கியது. இருந்த கப்பல்கள் போதவில்லை. கடற்படை இதை விலைக்கு வாங்கி, பீரங்கி பொருத்தி, அட்லாண்டிக்கில் ஓட்டியது. அவசர காலம், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் 1918-இல் போர் முடிந்துவிட்டதே! கப்பலைப் பழைய தொழிலுக்கு அனுப்பவில்லை. பசிபிக்கைத் தாண்டி சமோவாவுக்குப் போகச் சொன்னார்கள்.

1921 மார்ச் 25 அன்று கலிபோர்னியாவின் மேர் தீவிலிருந்து புறப்பட்டது. அன்று கடலில் பலத்த காற்று, பெரிய அலை. புயலில் சிக்கியிருக்கிறது, இழுத்துப்போன படகும் அறுந்துவிட்டது என்று அரைகுறையாக ஒரு ரேடியோ செய்தி பிறகு வேறொரு கப்பல் மூலம் கிடைத்தது. இதைவிட என்ன காரணம் வேண்டும்?

தேடுதலின் பெரும்பகுதி ஹவாய்ப் பக்கம் நடந்தது. மெக்சிகோவுக்கு அப்பால் நடுக்கடலில் 'சி' எழுத்துள்ள உயிர்காப்புப் படகு கிடைத்ததும் அங்கேயும் தேடினார்கள். ஜூன் 30-இல் எல்லோரும் இறந்ததாக அறிவித்துக் கோப்பை மூடினார்கள்.

2009-இல் கடலடி ஆய்வில் ஒரு கப்பல் தென்பட்டது. அது கோனெஸ்டோகாதான் என்று 2016-இல் அறிவித்தார்கள். எங்கே கிடந்தது? சான்பிரான்சிஸ்கோவுக்கு 50 கிலோமீட்டர் பக்கத்தில், ஃபாரலோன் தீவுகளை ஒட்டி! ஒதுங்க இடம் தேடித் தீவை நோக்கிப் போயிருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அடையாளம் காட்டியவற்றுள் ஒன்று, போருக்காகப் பொருத்திய அதே பீரங்கி.

"அந்தக் காலத்தில் வசதி ஏது சார்?" என்று கேட்பீர்கள். சரி, வசதி இல்லைதான். ஆனால் இழுவைக் கப்பலைப் பெருங்கடல் தாண்ட அனுப்பியது வசதிக் குறைவா? அது மனிதர்கள் எடுத்த முடிவு. 'மர்மம்' என்ற சொல் அந்த முடிவை மூடி மறைக்கிறது. பழி கடல்மேல் விழுகிறது, உத்தரவு போட்டவர்கள் தப்பிவிடுகிறார்கள்.

காத்திருந்த தாய்மாரும் மனைவிமாரும் பதில் தெரியாமலே போய்ச் சேர்ந்தார்கள். 95 வருடம் கழித்து வந்த பதிலையாவது மதியுங்கள். அடுத்த முறை இந்தக் காணொளி வந்தால், பகிர்வதற்கு முன் கீழே "1921, புயல், 56 பேர்" என்று எழுதிவிட்டுப் போங்கள்.